கிர்கிஸ்தானில் தென்னை உண்டு

கிர்கிஸ்தானுக்கு நான் போனதில்லை. போகாமலே அந்த நாட்டில் சில சீர்திருத்தங்களைச் செய்திருக்கிறேன். இரண்டு சிறைச்சாலைகளை இழுத்து மூடினேன். ஒரு பஞ்சத்தை ரத்து செய்தேன். பனியில் விறைத்துக் கிடந்த பதினொரு பேரை எழுப்பி உட்காரவைத்துச் சூடாகச் சாயா கொடுத்தேன். இதற்காக அந்த நாட்டு அரசாங்கம் எனக்கு ஒரு கடிதம்கூடப் போடவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. திருவனந்தபுரம் மிருகக்காட்சிசாலை வாசலில் முப்பத்தொரு வருஷம் டிக்கெட் கொடுத்தவன் நான். உள்ளே போய்விட்டு வருகிறவர்கள் குரங்கைப் பற்றித்தான் பேசுவார்களே தவிர டிக்கெட் கொடுத்தவனைப் பற்றிப் பேசமாட்டார்கள்.

பெயர் தாணுலிங்கம். வயது எழுபத்தெட்டு. சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில், மாடியில் நான் தனியாக இருக்கிறேன். கீழ்ப்போர்ஷனில் பிச்சம்மாள். வள்ளியூர்ப் பக்கத்துக்காரி, புருஷன் போய்ப் பத்து வருஷமாகிறது. பழவங்காடிப் பிள்ளையாருக்கு நேர்ச்சையாக உடைக்கிற தேங்காய்களை விற்கும் கடை ஒன்றில் வேலை. காயைக் காதோரம் வைத்து ஒரு ஆட்டு ஆட்டினாலே உள்ளே நல்லதா அழுகலா என்று சொல்லிவிடுவாள். என் பேச்சையும் அப்படித்தான் ஆட்டிப் பார்ப்பாள். மிருகக்காட்சிசாலை நீர்யானை ஒருமுறை என் குடையை விழுங்கிவிட்டதையும், அடுத்த மழைக்கு அது வாயைத் திறந்தபோது குடை உள்ளே விரிந்துகொண்டதையும் நான் சொன்னபோது, "அழுகல்" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டாள்.

அவளுக்கு ஒரே மகன். பிரவின்ராஜ். கழக்கூட்டத்தில் ஐடி பிள்ளைகள் தங்கும் ஹாஸ்டல் ஒன்றில் மெஸ் சமையல்காரனாக இருந்தான். கிர்கிஸ்தானில் டாக்டருக்குப் படிக்கிற மலையாளிப் பிள்ளைகளுக்குச் சோறும் சாம்பாரும் பொங்கிப்போட ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனான். இரண்டு மாதம் வீடியோ காலில் பனியைக் காட்டினான். "மேலேருந்து உப்பு கொட்டுது பாரும்மா" என்றான். பிறகு மெஸ் முதலாளியோடு ஏதோ வாக்குவாதம். மலையில் ரோடு போடுகிற கம்பெனிக் காம்பில் சமையலுக்குப் போய்ச் சேர்ந்தான். கார்த்திகை மாதம் ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது.

"யம்மா, நாளைக்கு மேல போறோம். அங்க டவர் கெடையாதாம். எறங்குனதும் கூப்புடுதேன். நேரத்துக்குச் சாப்புடு, என்னா?"

அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. கம்பெனிக்காரர்கள், அப்படி ஒருவர் எங்கள் பட்டியலில் இல்லை என்றார்கள். வெளிநாடு போனவர்களின் காரியங்களைப் பார்க்கிற அலுவலகம் ஒன்றில் ராகேஷ் என்று ஒரு கிளார்க் இருந்தார். நல்ல மனுஷன். பிச்சம்மாள் போகும்போதெல்லாம் உட்காரச் சொல்லி, அவள் முன்னாலேயே தூதரகத்துக்கு ஒரு மெயில் அனுப்புவார். தன் போனில் சார்ஜ் நிற்காது என்று அவள் என் நம்பரைத்தான் அவரிடம் கொடுத்திருந்தாள். மார்கழி போயிற்று, தையும் போயிற்று. பிச்சம்மாள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள். விரதம் என்று யாரிடமும் சொல்லவில்லை. சோற்றைப் போட்டு எதிரே உட்காருவாள், கொஞ்சநேரம் கழித்து எடுத்து மூடிவைத்துவிடுவாள்.

மாசி மாதம் ஒரு மத்தியானம் மாடி ஏறி வந்தாள்.

"அண்ணாச்சி, நீங்க புக்கு வாசிக்க ஆளுல்லா. அந்த நாடு எப்பிடி இருக்கும்னு எதுலயாவது போட்டுருப்பான்லா?"

"போட்டிருப்பான். எதுக்கு?"

"அவன் எங்கன நடப்பான், யாருகிட்ட தண்ணி கேப்பான், ஒண்ணும் தெரியல. கண்ண மூடுனா ஒண்ணுமே வரமாட்டேங்கு. வெறும் வெள்ளையாட்டு இருக்கு."

எங்கள் வட்டாரத்து வாசகசாலையிலிருந்து புதன்கிழமைதோறும் ஷிஜா ஸ்கூட்டரில் வருவாள். வயதானவர்களுக்கும் வீட்டுப் பெண்களுக்கும் புத்தகத்தை வாசலிலேயே கொண்டுவந்து கொடுப்பது அவள் வேலை. கிர்கிஸ்தான் நாவல் இருக்கிறதா என்று கேட்டேன். ஒரு வாரத்தில் ஐந்து கொண்டுவந்தாள். எல்லாம் மலையாளத்தில் மொழிபெயர்த்தவை. இந்த ஊரில் உலகத்தில் எந்த மலையிடுக்கில் ஒருவன் நாவல் எழுதினாலும் அதை மலையாளத்தில் போட்டுவிடுவார்கள்.

பிச்சம்மாள் மலையாளம் தண்ணீர்பட்ட பாடாகப் பேசுவாள். ஆனால் பஸ் போர்டுக்கு மேல் வாசிக்கத் தெரியாது, புத்தக மலையாளத்தை வாசித்துக் காட்டினாலும் பாதிதான் ஏறும். அதனால் நான் கண்ணால் மலையாளத்தில் வாசித்து வாயால் தமிழில் சொல்வது என்று ஏற்பாடு. காலையில் கோயில் நடை சாத்தியதும் கடையிலிருந்து வந்துவிடுவாள். நான் நாற்காலியில், அவள் வாசற்படியில். கையில் தட்டு. அது என் நிபந்தனை. ஒரு பக்கத்துக்கு இரண்டு கவளம்.

முதல் இரண்டு புத்தகங்கள் பழையவை. சோவியத் காலத்துப் பதிப்பு, வழவழப்பான தாள், அந்தக் காலத்தில் சைக்கிள் டியூப் விலைக்குக் கிடைத்தவை. அவற்றை என் இருபத்திரண்டாவது வயதிலேயே வாசித்திருக்கிறேன். குதிரை மேய்க்கிறவன் பாட்டுப் பாடுவான். டிராக்டர் ஓட்டுகிற பெண் அவனைப் பார்த்துச் சிரிப்பாள். கடைசிப் பக்கத்தில் நல்ல விளைச்சல். அந்த நாட்டில் அழுகிறவர்களே கிடையாது என்று நான் வெகுகாலம் நம்பியிருந்தேன். இவற்றை மாற்றாமலே சொன்னேன். பிச்சம்மாள் நாலு பிடி சாப்பிட்டாள்.

"குருத மேய்க்க இடத்துல சமையலுக்கு ஆளு வேணும்லா?" என்று கேட்டாள்.

"கண்டிப்பா வேணும். குதிரைக்கும் சேர்த்துச் சமைக்கணும்."

மூன்றாவது புத்தகம் புதியது, பச்சை அட்டை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினாறில் நடக்கிறது. சண்டைக்கு வேலையாள் பிடிக்க ஜார் மன்னன் உத்தரவு போடுகிறான். ஜனங்கள் எதிர்க்கிறார்கள், பட்டாளம் வருகிறது, ஊர் ஊராகக் கிளம்பி மலைக்கணவாய் வழியாகச் சீனாவுக்கு ஓடுகிறார்கள். குழந்தை குட்டி, ஆடு மாடு எல்லாவற்றோடும். கணவாயில் பனி. நாவல் என்றாலும் ஓடினதும் செத்ததும் நிஜம். டிராக்டர் புத்தகங்களில் இதைப் பற்றி ஒரு வரி கிடையாது.

அதில் தெமிர் என்று ஒரு பையன், அவன் தாய். இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் பையனைக் காணவில்லை. பனி சரிந்துவிடுகிறது. தாய் கையால் தோண்டுகிறாள். முதலில் ஒரு பூட்ஸ் வருகிறது.

நான் நிமிர்ந்து பார்த்தேன். பிச்சம்மாளின் கை வாய்க்குப் பாதிவழியில் நின்றது. அன்றைக்கு அவள் எடுத்த முதல் கவளம் அது.

"பொறவு?"

கண்ணுக்கும் வாய்க்கும் நடுவே ஒரு சாண் தூரம்கூட இல்லை. அதற்குள் நான் ஒரு வீட்டைக் கட்டி முடிக்க வேண்டியிருந்தது.

"பிறகென்ன. பனிக்குள்ளே ஒரு வெளிச்சம். தெமிர் போய்த் தட்டுகிறான். ஒரு கதவு திறந்தது."

கவளம் உள்ளே போயிற்று.

"யாரு வீடு?"

"ஆடு வளர்க்கிறவர்கள். புருஷன், பெண்டாட்டி, மூன்று பெண்பிள்ளைகள். ரொட்டியும் உப்பும் வைத்தார்கள். அந்த ஊர் வழக்கம், வாசலுக்கு வந்தவன் எதிரியானாலும் ரொட்டி வைக்காமல் பேசமாட்டார்கள்."

இதில் ரொட்டி நிஜம். எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. இதோடு நிறுத்தியிருக்கலாம்.

"அப்போ அவன் ஏன் அம்மைக்கு ஒரு தகவல் சொல்லல?" என்று கேட்டாள் பிச்சம்மாள். தெமிரைப் பற்றித்தான் கேட்டாள். ஆனால் தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்.

இந்தக் கேள்விக்கு இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் பதில் இல்லை. நான் பக்கத்தைத் திருப்பி, கண்ணாடியைச் சரிசெய்து, நிதானமாக வாசித்தேன். பனிக்காலத்தில் ஒரு வீட்டின் ரொட்டியைத் தின்றவன் அந்த வீட்டுப் பிள்ளை. மூன்று குளிர்காலம் அவன் அந்த மலையை விட்டு இறங்கக்கூடாது, பெற்றவளுக்குச் சேதி அனுப்பக்கூடாது. மூன்றாவது குளிர் முடிந்ததும் அவர்களே ஒரு குதிரையும் இரண்டு ஆட்டுத்தோலும் கொடுத்து அனுப்பிவைப்பார்கள். அதுவரை இங்கே பெற்றவளுக்கும் இரண்டு விதி உண்டு. ஒன்று, அவள் பட்டினி கிடக்கக்கூடாது. கிடந்தால் அங்கே அவனுக்குச் சோறு இறங்காது. இரண்டு, அவள் அவனைச் செத்தவன் என்று நினைக்கவோ சொல்லவோ கூடாது; சொன்னால் அந்த நிமிஷமே அந்த வீடு அவனை வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிடும்.

முதல் விதி அவளைச் சாப்பிடவைப்பதற்கு. இரண்டாவது விதியை எதற்குப் போட்டேன் என்று எனக்கே தெரியவில்லை. ஒரு விதி மட்டும் இருந்தால் பொய் மாதிரித் தெரியும், இரண்டு இருந்தால் வழக்கம் மாதிரித் தெரியும் என்று தோன்றியிருக்கலாம்.

பிச்சம்மாள் அதை ஆட்டிப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு தட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"மூணுன்னா, இந்தக் குளிரும் சேத்தா?"

"சேர்த்துத்தான்."

"அப்போ ரெண்டுதான் பாக்கி" என்று சொல்லிவிட்டுக் குழம்பை ஊற்றிப் பிசைந்தாள்.

சித்திரையில் அவளுக்குக் கன்னத்தில் சதை வைத்தது. கடையில் தேங்காய் வாங்க வருகிறவர்களிடமெல்லாம் கிர்கிஸ்தான்காரர்களின் குணநலன்களைச் சொல்ல ஆரம்பித்தாள். நான்காவது, ஐந்தாவது புத்தகங்களில் மந்தைகளைப் பிடுங்கினார்கள், ஜனங்கள் பட்டினியில் செத்தார்கள், படித்தவர்களைச் சுட்டுச் செங்கல் சூளைக்குள் போட்டார்கள். நான் மந்தைகளைத் திருப்பிக் கொடுத்தேன். சூளையில் செங்கல் சுட்டேன். நன்றாக வெந்த செங்கல்.

ஜூன் மாதம் பத்தாம் தேதி ராகேஷ் என் நம்பருக்குக் கூப்பிட்டார்.

"சாரே, ஒரு காரியம் உண்டு. அம்மா பக்கத்தில இல்லல்லோ?"

இல்லை என்றேன். மலையில் பனி உருகியிருக்கிறது. ரோடு போட்ட காம்பு இருந்த இடத்துக்குக் கீழே பள்ளத்தில் இரண்டு உடல்கள். காகிதம் ஒன்றும் இல்லை, முகமும் இல்லை. ஒருவன் நம் பக்கத்து ஆளாக இருக்கலாம் என்று அங்கிருந்து எழுதியிருக்கிறார்கள். டிஎன்ஏ ஒப்பிட்டுப் பார்க்கத் தாயின் மாதிரி வேண்டும். வலி ஒன்றும் இல்லை, வாய்க்குள் பஞ்சை விட்டுத் துடைப்பார்கள். பொருந்தினால் உடலை இங்கே கொண்டுவரலாம். ஜூலை முப்பத்தொன்று வரை வைத்திருப்பார்கள், பிறகு அங்கேயே அடக்கம்.

அன்றைக்கு மத்தியானம் அவளிடம் சொன்னேன். பாதியில் கையை உயர்த்தித் தடுத்துவிட்டாள். கோபம்கூட இல்லை.

"அதெப்பிடி அண்ணாச்சி குடுப்பேன்? பொணத்துக்கு எம் பிள்ளையான்னு பாக்கதுக்கு நான் வாயத் தொறந்தா, அவன் செத்தான்னு நானே சொன்னது மாதிரில்லா ஆயிரும்? கதவச் சாத்திருவாங்கள்லா?"

"அப்படி ஒரு கதவு இல்லை, பிச்சம்மா."

"எது இல்ல?"

என் ஆயுளில் நான் உண்மை சொன்ன சந்தர்ப்பங்கள் குறைவு, பழக்கமும் இல்லை. ஆனாலும் சொன்னேன். மூன்று குளிர்காலம் நான் கட்டியது. குதிரை, ஆட்டுத்தோல், மூன்று பெண்பிள்ளைகள் எல்லாமே என் கைச்சரக்கு. புத்தகத்தில் தெமிர் செத்துப்போகிறான். தாய் பூட்ஸைப் பிடித்து இழுக்கிறாள்.

பிச்சம்மாள் விரலை மடக்கி எண்ண ஆரம்பித்தாள்.

"நீர்யான கொட முழுங்குனது பொய்யி. சிங்கத்துக்கு நீங்க கொட்டாவி விடச் சொல்லிக்குடுத்தது பொய்யி. இத்தன வருசத்துல நீங்க சொன்னதுல இது ஒண்ணுதான் நெசம்னு இருந்தேன். இப்போ அதயும் பொய்யின்னு பொய் சொல்லுதீய. என்னத்துக்கு? அந்த ஆபீஸ்காரன் கேக்கச் சொன்னானா?"

"பிச்சம்மா, சத்தியமா..."

"சத்தியம் வேற பண்ணுதீய. நாக்கு அழுகிரும்."

அவள் கணக்கில் நியாயம் இருந்தது. குடை விழுங்கிய நீர்யானையைப் பார்த்தவன் பேச்சை யார் கேட்பார்கள்? எனக்குச் சாட்சி தேவைப்பட்டது. பொய்யே சொல்லத் தெரியாத, மலையாளம் வாசிக்கத் தெரிந்த சாட்சி. புதன்கிழமைக்குக் காத்திருந்தேன்.

ஷிஜா தலையில் ஹெல்மெட்டோடு படியேறி வந்ததும், பச்சை அட்டைப் புத்தகத்தை இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் விரித்து அவள் கையில் கொடுத்தேன். "இதை உள்ளது உள்ளபடி, சத்தமாக, மெதுவாக வாசி. அக்காவுக்கு விளங்கணும்" என்றேன். பிச்சம்மாள் வாசற்படியில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். ஷிஜாவுக்கு ஒரு டம்ளர் மோர் வேறு கொண்டுவந்து வைத்திருந்தாள்.

ஷிஜா நன்றாகத்தான் ஆரம்பித்தாள். பனி சரிவது வந்தது. தாய் கத்துவது வந்தது. தாய் கையால் தோண்டுவது வந்தது. பிச்சம்மாள் புரிகிறது என்று தலையாட்டிக்கொண்டே இருந்தாள். அடுத்த வரி பூட்ஸ். ஷிஜா நிறுத்தினாள். வரியைப் பார்த்தாள். பிச்சம்மாளைப் பார்த்தாள். மறுபடி வரியைப் பார்த்தாள். நான் விரலை நீட்டி, இதோ இங்கே என்று வரியைக் காட்டினேன்.

"அப்போள்..." என்றாள் ஷிஜா. "அப்போள்... ஒரு வாதில் துறந்நு."

ஒரு கதவு திறந்தது.

நான் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். சத்தியமாக நான் அவளிடம் அந்தக் கதவைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. அந்த இடத்தில் யார் வாசித்தாலும் ஒரு கதவுதான் திறக்கும்போலிருக்கிறது. திறந்த கதவு வழியாக ஷிஜா உள்ளேயே போய்விட்டாள். அடுப்பு எரிகிறது, யாரோ கம்பளி போர்த்துகிறார்கள், பையன் உறங்குகிறான், உறங்கட்டே என்று அந்தத் தாய்கூடச் சொல்லிவிட்டாள்.

"பாத்தீயளா?" என்றாள் பிச்சம்மாள் என்னிடம். ஜெயித்தவளின் குரல் இல்லை. தப்புச் செய்த பிள்ளையை மன்னிக்கிற குரல். "இந்தப் பிள்ளையும் அதத்தான வாசிச்சு?"

நான் படியிறங்கித் தெருவில் ஷிஜாவை மறித்தேன். "என்ன காரியம் செய்தாய், பெண்ணே?"

ஹெல்மெட்டின் வாரை மாட்டிக்கொண்டே சொன்னாள். அவள் கண் சிவந்திருந்தது. "சாரே, அந்த முகத்தப் பார்த்திட்டு எனிக்கி அது வாசிக்கான் பற்றூல. சார் எப்பிடியா இத்தன நாள் வாசிச்சது?"

"நான் வாசிக்கவில்லை."

"அதுதன்னெ" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினாள்.

மறுவாரம் அவளிடம் விஷயம் முழுவதையும் சொன்னேன். ஓடிப்போய்ப் பிச்சம்மாளிடம் சொன்னாள். பிச்சம்மாள் அவள் தலையைத் தடவிக்கொடுத்து, "பாவம், உன்னையும் பொய் சொல்லப் பழக்கிட்டாரா?" என்று கேட்டு அனுப்பிவிட்டாள்.

ஜூலை கடைசி வாரம் நான் திருட்டில் இறங்கினேன். பிச்சம்மாள் சாயா குடித்துவிட்டுக் கழுவாமல் வைத்த கண்ணாடி டம்ளரைப் பிளாஸ்டிக் பையில் போட்டு, வாயை ரப்பர் பேண்டால் கட்டி, கிழக்கேகோட்டையில் பஸ் பிடித்து ராகேஷின் அலுவலகத்துக்குக் கொண்டுபோனேன். பஸ்ஸில் பக்கத்திலிருந்தவர் என்ன என்று கேட்டதற்கு, கிர்கிஸ்தான் தூதருக்குப் பரிசு என்றேன். நகர்ந்து உட்கார்ந்தார்.

ராகேஷ் பையைப் பிரித்து உள்ளே பார்த்தார்.

"சாரே, இது சாயா கிளாஸ் அல்லே?"

"ஆமாம். அவள் குடித்தது. கழுவவில்லை. எச்சில் அப்படியே இருக்கிறது."

"இது எடுக்கான் பற்றூல, சாரே. அம்மா நேரில வரணும். டாக்டரோட முன்னால. கையெழுத்தும் வேணும்."

"கட்டாயப்படுத்த வழியில்லையா? போலீஸ்?"

"ஒரு அம்மாவக் கட்டாயப்படுத்தி வாயத் தொறக்க வைக்கவா?" என்று கேட்டார். ராகேஷ் எழுந்துபோய் அந்த டம்ளரை வாஷ்பேசினில் நன்றாகக் கழுவி, தன் துவாலையால் துடைத்து, என்னிடம் திருப்பிக் கொடுத்தார். மரியாதை தெரிந்த மனுஷன்.

முப்பத்தொன்றாம் தேதி காலை பிச்சம்மாள் கடைக்குக் கிளம்பும்போது அவள் முன்னால் போய் நின்றேன். மழை. அவள் குடையை விரித்துக்கொண்டிருந்தாள். பிச்சம்மா, இன்றைக்கு ஒருநாள்தான், என்கூட ஆட்டோவில் வா, பொருந்தவில்லை என்று வந்துவிட்டால் நல்லதுதானே என்றேன். அழுதேன் என்றும் சொல்லலாம். மழையில் யாருக்குத் தெரியும்.

"பொருந்திட்டுன்னா?" என்றாள்.

"வீட்டுக்குக் கொண்டுவரலாம்."

"யாரயோ கொண்டாந்து எம் பிள்ளன்னு எரிச்சுருவீய. ரெண்டு வருசம் கழிச்சு அவன் குருதையில வந்து எறங்கும்போ நான் என்ன சொல்லுவேன்? ஒனக்குப் பதினாறு கழிச்சாச்சுன்னா?"

குடை முழுதாக விரிந்தது. போய்விட்டாள்.

ஆகஸ்டில் அடக்கம் முடிந்தது என்று ராகேஷ் சொன்னார். அங்கே மாதிரி எடுத்து வைத்திருக்கிறார்கள், அம்மா எப்போது வந்தாலும் ஒப்பிட்டுப் பார்க்கலாம், ஆனால் இனிமேல் பெயர்தான் வரும், ஆள் வரமாட்டான் என்றார். ஒரு போட்டோவும் அனுப்பினார். என் போனில் இருக்கிறது. இரண்டு மண்மேடு, இரண்டு இரும்புக்கம்பி, கம்பியில் தகடு, தகட்டில் எண். பின்னால் மலை. கண்ணுக்கு எட்டினவரை ஒரு மரம் இல்லை. பிச்சம்மாளுக்கு நான் அதைக் காட்டவில்லை. காட்டினாலும், நீர்யானையை ஒளித்துவைத்த இடம் என்று நான் சொல்வதாக நினைத்துக்கொள்வாள்.

அதற்குப் பிறகு ஒன்றரை வருஷம் போய்விட்டது. இது மூன்றாவது குளிர்காலம். பங்குனியோடு முடிகிறது.

பிச்சம்மாள் மும்முரமாக இருக்கிறாள். பிரவின்ராஜ் வந்து இறங்கினதும் பழவங்காடியில் நூற்றொரு தேங்காய் உடைப்பதாக நேர்ந்திருக்கிறாள். கடைக்கு லோடு வரும்போதெல்லாம் ஆட்டிப் பார்த்து, மணிமணியான காயாக ஒன்றிரண்டு வாங்கிவந்து கட்டிலுக்கடியில் சேர்க்கிறாள். பழசானதை எடுத்துச் சட்னி அரைத்துவிட்டுப் புதுசு வைக்கிறாள். எனக்கும் ஒரு கிண்ணம் வரும். சட்னி நன்றாகத்தான் இருக்கும். என்னால் இறக்கத்தான் முடியவில்லை. குதிரையைக் கட்ட இந்தச் சந்தில் இடம் போதாதே என்று போன வாரம் வீட்டு ஓனரிடம் பேசிப் பார்த்திருக்கிறாள்.

ஐந்து புத்தகத்தையும் மூன்று சுற்று வாசித்தாகிவிட்டது. மூன்றாவது சுற்றில் பிடித்துக்கொண்டாள். "போன தடவ இவனுக்கு ரெண்டு மவன்னு வாசிச்சிய, இப்போ மூணுங்கீய?" ஒருவனை அதிகப்படியாக உயிர்ப்பித்துவிட்டேன், ஞாபகப்பிசகு. புதுப் புத்தகம் வேண்டும் என்றாள். ஷிஜா எல்லா வாசகசாலைகளிலும் கேட்டுப் பார்த்துவிட்டு, அந்த நாட்டு நாவல் இனி மலையாளத்தில் இல்லை என்று கையை விரித்தாள். பிறகு பையைத் துழாவி, கிடைத்த ஒரு தடிப்புத்தகத்தை என் கையில் வைத்தாள். தென்னையைத் தாக்கும் நோய்களும் தடுப்பு முறைகளும். விவசாயிகளுக்கானது.

அட்டைக்குக் காலண்டர் தாளைப் போட்டு ஒட்டினேன். ஒரு மாதமாக அதைத்தான் வாசிக்கிறேன். காண்டாமிருக வண்டு ஒரு தளபதியாகிவிட்டான். குருத்தழுகல் ஒரு படையெடுப்பு. உர அட்டவணை வருகிற பக்கங்களில் கல்யாணம் நடத்துகிறேன். பிச்சம்மாளுக்கு முந்தினவற்றையெல்லாம்விட இது பிடித்திருக்கிறது. ஆள் சாவதே இல்லை என்கிறாள்.

நேற்று மத்தியானம் பக்கத்தைத் திருப்பும்போது புத்தகம் நழுவி, அவள் காலடியில் விரிந்து விழுந்தது. ஒரு முழுப்பக்கக் கலர்ப்படம். தென்னந்தோப்பு. பிச்சம்மாள் தட்டைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தாள்.

அவ்வளவுதான் என்று நினைத்தேன். தேங்காயைக் கையில் தூக்கியே வயிறு வளர்க்கிறவள், அவளுக்குத் தெரியாத தென்னையா. என்னைத் திட்டுவாள், தட்டை விட்டெறிவாள், பிறகு உட்கார்ந்து அழுவாள். அழுது முடித்தபிறகு ஒருவேளை என்கூட ராகேஷைப் பார்க்க வருவாள். ஒரு நிமிஷம் எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

"அண்ணாச்சி" என்றாள். "அங்க தென்ன உண்டா?"

நான் வாயைத் திறந்தேன். இல்லை என்பதற்கும் மூன்றே எழுத்துத்தான்.

"உண்டு" என்றேன்.

அவள் படத்தை விரலால் தடவினாள். மரம் மரமாகத் தடவினாள். முகம் மெல்ல விரிந்தது. இந்த இரண்டு வருஷத்தில் நான் கட்டிய எந்த வீட்டுக்கும் எந்தக் குதிரைக்கும் அவள் அப்படிச் சிரித்ததில்லை.

"இத ஏன் மொதல்லயே சொல்லல நீங்க? தென்ன நிக்க எடத்துல அவ்வளவு குளிரு இருக்காதுல்லா? நான் என்னத்தயோ நெனச்சுப் பயந்து கெடந்தேன்." புத்தகத்தை எடுத்துத் தூசி தட்டி என் மடியில் வைத்தாள். "வாசிங்க."

விழுந்த இடத்திலேயே வாசிக்க வேண்டியதாயிற்று. படத்துக்கு எதிர்ப்பக்கம் வேர்வாடல் நோய். இந்த நோய்க்கு மருந்து கிடையாது என்று போட்டிருந்தது. நோய் கண்ட மரம் உடனே சாகாது, ஓலை தொங்கி, காய்ப்புக் குறைந்து, பல வருஷம் அப்படியே நின்றுகொண்டிருக்கும் என்று போட்டிருந்தது. நான் ஒரு சொல்லைக்கூட மாற்றாமல் அதை அப்படியே தமிழில் சொன்னேன்.

பிச்சம்மாள் கவளத்தை மென்று விழுங்கினாள்.

"மரத்தப் பத்தி எதுக்கு அண்ணாச்சி?" என்றாள். "ஆளப் பத்தி வாசிங்க."